முட்டை ஆகாது

மே 6

அக்காவுக்கு,

வாலுதான் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். பயப்படாதே, கை கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போனில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே நீ தீர்ப்பு சொல்லிவிடுவாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தானே ஆகவேண்டும்!

முதலில் நல்ல சேதி. எட்டு வருஷமாகத் துறைமுகப் பட்டறையில் அடுத்தவன் கப்பலுக்குப் பம்பு மாட்டிக்கொண்டிருந்தேன் இல்லையா, இப்போது கப்பலிலேயே வேலை. எஞ்சின் அறையில் ஃபிட்டர். ஜூன் இருபது கிளம்புகிறது. முப்பத்தாறு வயது தாண்டினால் புது ஆளாக எடுக்கமாட்டார்கள். எனக்கு இப்போது முப்பத்தைந்து. இதை விட்டால் ஆயுசுக்கும் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

இப்போது மற்ற சேதி. மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட சீட்டு இல்லாமல் ஏற விடமாட்டார்கள். ஊசி போடப் போன இடத்தில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பேர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, அதற்குக் கீழே ‘உணவில் ஆகாதது எது?’ கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது: ‘முட்டை. கடும் ஒவ்வாமை.’ ஏழு வயதிலிருந்து எல்லா ஃபாரத்திலும் எழுதி எழுதிப் பழகிய கை. அந்த ஊசி மருந்தை முட்டையில் வைத்துத்தான் வளர்க்கிறார்களாம். டாக்டரம்மா அதைப் படித்ததும் எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர், பழைய கதை என்றேன். "பழைய கதைன்னு உங்களுக்கு யார் சொன்னா? அன்னைக்குக் கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அக்கா இருந்தாள் என்றேன். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரத்தில் வீங்கியது, மூச்சு நிஜமாகவே திணறியதா என்று நீ உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அதைப் பார்த்துவிட்டு இங்கேயே தோலில் சோதனை செய்து ஊசி போடுவாராம். இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். அங்கே வரிசை மூன்று மாதம். கப்பல் எனக்காக மூன்று மாதம் நிற்குமா?

நாலு வரி போதும் அக்கா. லேசாகத்தான் வீங்கியது, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுது. சின்ன வயதில் எனக்கு எதுதான் ஆனது? பாலில் ஆடை ஆகாது, கத்தரிக்காய் வழுவழுப்பு ஆகாது, தக்காளி விதை ஆகாது. எல்லாவற்றையும் இப்போது தட்டை வழித்துச் சாப்பிடுகிறேன். அப்படித்தான் இதுவும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

வாலு


மே 11

வாலு,

கடைசி வரி வரைக்கும் படித்தேன். முடியாது.

கப்பல் வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நீ எழுதியதில் அந்த ஒரு பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் பொய் எழுதி உன்னை ஊசிக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்க என்னால் முடியாது.

லேசாக வீங்கியதா? நீ கண்ணாடியில் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதிய ஷிஃப்ட். எது வைத்தாலும் தட்டைத் தள்ளுகிறாய் என்று உருளைக்கிழங்கை மசித்து, அதற்குள் ஒரே ஒரு மஞ்சள் கருவைப் போட்டுப் பிசைந்து உனக்கு ஊட்டினேன். பாதியில் கண்டுபிடித்துத் துப்பிவிட்டுப் பின்பக்கம் ஓடினாய். திரும்பி வரும்போது உதடு இரண்டும் தடித்து, கண் இமை உப்பி, மூக்கு ஒழுக, "மூச்சு வரலக்கா" என்று சொன்னாய். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. கிளினிக்கில் ஊசி போட்டு, உன் பள்ளிக்கூட அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வேலை உடுப்போடு ஓடி வந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் என்னை ஓங்கி ஓர் அறை. "உன்னை நம்பித்தானடி விட்டுட்டுப் போனேன்."

அந்த அறை என்றைக்கோ ஆறிவிட்டது. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக நான் எதைச் சமைத்து வைத்தாலும் அம்மா முதல் வாய்க்கு முன்னால் கேட்பாள்: "இதுல என்ன போட்டே?" சோறும் பருப்பும் வைத்தாலும் கேட்பாள். வேண்டுமென்று கேட்பதில்லை, பழகிவிட்டது. நானும் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

பிஸ்கட் கம்பெனியில் இத்தனை பிரிவு இருக்கும்போது நான் ஏன் உறை சரிபார்க்கும் மேஜையிலேயே பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? போன மாதம் நாலாயிரம் பாக்கெட்டை நிறுத்தினேன். உறையில் ‘முட்டை சேர்ந்தது’ என்ற வரி அச்சாகவில்லை. மேலாளர் தையத்தக்கா என்று குதித்தார். "யாரோ ஒரு அக்கா இதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் தம்பிக்குக் கொடுப்பா" என்றேன். புது உறை அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வயதானால் சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. நீ எந்தக் கூட்டம் என்று யாருக்குத் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. கப்பல் போனால் போகட்டும். ஒரு தடவை உன்னைக் கொல்லப் பார்த்தது போதும் எனக்கு.

அக்கா


மே 17

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். கடைசி வரியில் நீ எழுதியிருந்தாயே, அதற்கு அப்புறமும் மூடி மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

எனக்கு ஒவ்வாமை கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

அன்றைக்குப் பின்பக்கம் ஓடினேன் இல்லையா, அங்கே அம்மா வெயிலில் மிளகாய் காய வைத்திருந்தாள். ஒன்றை உடைத்து உதட்டில் தேய்த்தேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அவ்வளவு கோபம். மஞ்சள் கருவின் வாடை எனக்கு எவ்வளவு குமட்டும் என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் உருளைக்கிழங்குக்குள் ஒளித்து வைத்தாய். உதடு சிவந்தால் நீ பயப்படுவாய், இனிமேல் முட்டை பக்கமே வரமாட்டாய், அவ்வளவுதான் என் திட்டம். எரிச்சல் தாங்காமல் அதே கையால் கண்ணைத் தேய்த்துத் தொலைத்தேன். அதற்கு அப்புறம் எதுவும் என் கையில் இல்லை. மூச்சு வரவில்லை என்று சொன்னது மட்டும் சுத்தப் பொய். அழுது அழுது விக்கல்தான் வந்தது.

கிளினிக்கில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊசி போட்டுவிட்டார்கள், சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள், அம்மா உன்னை அடித்துவிட்டாள். ஏழு வயதுப் பையனுக்கு அதெல்லாம் அரசாங்க உத்தரவு மாதிரி இருந்தது. அப்புறம் பத்து வயதில் சொல்லியிருக்கலாம். பதினைந்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் என்னால் தூக்கவே முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மொத்தமாகத் திட்டு. பட்டறைக்கு வந்த முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெல்டர் அண்ணன் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து பொரித்த முட்டையை ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எந்த வாடைக்கு வாந்தி வருமோ அதே வாடை. நாக்கில் எச்சில் ஊறியது. எனக்கே நம்ப முடியவில்லை. பிடிக்காமல் போனதற்கு என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? குழாயடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து உதடு வீங்குமா என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சிரிக்காதே. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி நானே நம்ப ஆரம்பித்துவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு. வீட்டுக்கு வரும்போது மட்டும் நல்ல பிள்ளை. நீ ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்துவிட்டு எனக்குக் கொடுப்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். திரும்பிப் போகும்போது பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக ஆம்லெட் கடை. இதை எழுதும்போது காது சுடுகிறது.

சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்குள் தலையை விட்டவன், இப்போது டீயில் சர்க்கரை போட்டால் கொட்டிவிடுகிறேன். நாக்கு மாறிவிட்டது என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததே தவிர, அது மாறியது குற்றமில்லை. நீ அடி வாங்கும்போது வாயைத் திறக்காமல் நின்றேனே, அதுதான் குற்றம்.

இப்போது நடந்ததை நடந்தபடியே நீ எழுதலாம். எழுதுவாயா?

வாலு


மே 22

உன் கடிதம் வந்தது. வந்தது என்று தெரிவிக்கத்தான் இது.

சர்க்கரை டப்பா, வெல்டர், ஆம்லெட் கடை எல்லாம் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். எதிரே இருந்து சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேனோ என்னவோ.

ஒரு விஷயம் நீ எழுதவில்லை. உனக்கு ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். அந்த வீட்டில் முட்டை என்றால் உயிரை விடுகிறவள் நான். வெள்ளையை முதலில் தின்றுவிட்டு மஞ்சளை உப்பும் மிளகும் தொட்டுக் கடைசிவரை வைத்திருப்பேன். அம்மாவுக்குச் சம்பளம் வந்த அன்றைக்கு ஆளுக்கொன்று கிடைக்கும். நீ உன்னுடையதை என் தட்டில் தள்ளுவாய். அன்று உனக்குப் பிசைந்தது என்னுடைய மஞ்சள் கரு. உனக்கு உடம்பில் சதையே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் முட்டை வரவில்லை. பாத்திரத்தில் ஒட்டியிருந்தால்கூட உனக்கு ஆகாது என்று வெளியிலும் நான் தொடவில்லை. வெளியூர் வேலைக்கு நீ போன பிறகும் தொடவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது "செத்துடாதடா, செத்துடாதடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அது உனக்குக் கேட்டதா? அதற்கு மட்டும் பதில் போடு.


மே 26

அக்கா,

கேட்டது.

இல்லை, ஞாபகமில்லை என்று எழுதினால் உனக்கும் கொஞ்சம் இதமாக இருக்கும், எனக்கும் தப்பிக்க வழி கிடைக்கும். ஆனால் என் காது உன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாம் கேட்டது. நீ மூச்சு வாங்கியதும் கேட்டது. அப்போது எனக்குப் பயமும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. என்மேல் யாருக்கோ இவ்வளவு உயிர் என்று முதல் தடவையாகத் தெரிந்த சந்தோஷம். அந்த அசட்டுச் சந்தோஷத்தில்தான் கிளினிக் வாசல் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு அக்கா.

டாக்டருக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் பேர் கொடுத்துவிட்டேன். கப்பலில் என் இடத்துக்கு இன்னொரு ஆளைப் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் உன் மனம் மாறினாலும் மாறாவிட்டாலும் உன்னிடம் மறுபடி கேட்கமாட்டேன்.

இதோடு இன்னொரு தாளைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், உறையை ஒட்டவில்லை. அம்மாவுக்கு எழுதியது. மிளகாயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ‘அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை, இனிமேல் அவளிடம் இதில் என்ன போட்டாய் என்று கேட்காதே’ என்று முடித்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று நீ திட்டினால் சரிதான், இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதோ கிழித்துப் போடுவதோ உன் இஷ்டம். இந்த வயதில் அவளுக்கு எதற்கு இது என்று உனக்குத் தோன்றினால், அப்படியே விட்டுவிடு. அப்போதும் நான் உனக்குக் கடன்பட்டவன்தான்.

வாலு


ஜூன் 5

வாலு,

டாக்டரம்மாவுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரையாவது உன் இடத்துக்குப் பிடித்துக் கொடுத்திருந்தால் உடனே போய் அவனைத் துரத்திவிட்டு, நாளைக்கே கிளினிக்குக்குப் போ. மிளகாய் சமாசாரத்தை ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறேன். அவர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து நன்றாக வெட்கப்படு. நடுவில் ஒரு வரி இருக்கும்: ‘அன்று நான் அவனுக்குக் கொடுத்த சாப்பாட்டில் ஒரு தவறும் இல்லை.’ அது டாக்டருக்குத் தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது. அடித்துவிடாமல் ஃபைலில் வைக்கச் சொல்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. கோபம் காலையில் இருக்கிறது, சாயங்காலம் இல்லை. மறுநாள் காலையில் மறுபடி வருகிறது. உன் கேள்விக்கு ‘ஞாபகமில்லை’ என்று நீ பதில் போட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

அம்மாவுக்கு உன் தாளை வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கிழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எழுபது வயதில் அவளைக் கூண்டில் ஏற்றி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு போட்டு வைத்தேன், வழக்கம்போல "இதுல என்ன போட்டே?" என்றாள். எழுந்துபோய்க் கைப்பையை எடுத்து வந்தேன்.

சாப்பிடாமல் முழுதும் கேட்டாள். மிளகாய் வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ நான் அன்னைக்கு உன்னை அடிச்சது?"

"சும்மாதாம்மா அடிச்சே."

வேறு எப்படிச் சொல்வது? வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. அம்மா கையைக் கழுவினாள், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். கால் வலி என்று எதிர்வீட்டைத் தாண்டாதவள். அரை மணி நேரமாகக் காணவில்லை. தேடிப் போகலாம் என்று நான் கதவைப் பூட்டும்போது தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஒரு காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து நடந்து வந்தாள். ஆறு முட்டை.

என்னை அடுப்புப் பக்கம் வரவிடவில்லை. எந்தப் பாத்திரத்தில் அவிப்பது என்று தேடிவிட்டு, பால் காய்ச்சும் பாத்திரத்தையே வைத்தாள். பழக்கம் விட்டுப் போய்விட்டது அவளுக்கு. தண்ணீர் கொதித்த பிறகு போட்டதில் ஒன்று வெடித்து வெள்ளை வெளியே வந்தது. ஆறுவதற்குள் உரித்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். ஓட்டோடு பாதி வெள்ளையும் போய்விட்டது. மிச்சத்தைத் தட்டில் வைத்து, ஓரத்தில் உப்பும் மிளகும் வைத்து, என் முன்னால் தள்ளினாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிடு. உனக்குன்னுதான்."

அம்மாவுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை வராது. நமக்குத் தெரியாதா? அன்று அதற்கு அதிகமாக எதையும் நான் எதிர்பார்க்கவும் இல்லை. வெள்ளையை முதலில் தின்றேன். மஞ்சளை ஒதுக்கி வைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து மஞ்சளை எடுத்து வாயில் போட்டேன்.

பிடிக்கவில்லையடா.

மாவு மாவாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வாடை மூக்குக்குள் ஏறியது. நீ சின்ன வயதில் சொல்வாயே, அதே வாடை. இதற்காகவா அவ்வளவு ஏங்கினேன் என்று இருந்தது. தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினேன். உனக்கு எச்சில் ஊற ஆரம்பித்த சமயத்தில் எனக்கு எப்போதோ வற்றிப் போயிருக்கிறது, அது எந்த வருஷம் என்றுகூட எனக்குத் தெரியாமல். இதைத்தான் உன்மேல் கோபப்பட்டுத் தீர்க்க முடியவில்லை. நீ எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"நல்லா இருக்கா?" என்றாள் அம்மா.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இதில் என்ன போட்டாய் என்று ஒரு வேளைகூடக் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறாள். எனக்குத் தெரிகிறது.

ஊசி போட்ட பிறகு கப்பல் கிளம்புவதற்குள் இரண்டு நாள் லீவு கேட்டு வீட்டுக்கு வா. உன்னைப் பார்த்தால் திட்டுவேன், கேட்டுக்கொள். அம்மாவும் திட்டுவாள். அப்புறம் உட்கார்ந்து என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடு, எனக்கு அந்த இரண்டு நாளாவது விடுதலை. ஐந்து நாளாகத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று என் தட்டில் இருக்கிறது. இப்போதெல்லாம் வெடிப்பதில்லை, நன்றாக அவிக்கிறாள். இன்று காலை ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறாள், எனக்குப் பிடிக்குமே என்று.

அக்கா